ஐந்து மணிப் போன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

பாப்பாவின் பரீட்சைக்கு நாம் போட்ட படிப்பு அட்டவணையில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை, காலை ஐந்து மணிக்குப் போன் செய்து அவளை எழுப்புவது. அதையும் கெடுத்தேன். போன வாரம் போனைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். சட்டை மட்டும் பிழைத்தது.

நேற்று எங்கள் கேம்ப் சமையல்காரரின் போனிலிருந்து மன்னிப்புக் கேட்கப் பேசினேன். நீ வேலைக்குப் போயிருந்தாய்.

"விளையாடுறீங்களாப்பா? தினமும் அஞ்சு மணிக்கு நீங்கதானே எழுப்புறீங்க! இன்னைக்கு அந்தக் கணக்கைக்கூட எவ்வளவு அழகா சொல்லித் தந்தீங்க!" என்றாள் பாப்பா.

பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று, "ஆமா, மறந்துட்டேன்" எனச் சிரித்து வைத்தேன். என் போன் சிம்மோடு இன்னும் அரிசி டப்பாவுக்குள்தான் செத்துக் கிடக்கிறது.

லீவில் ஊருக்கு வரும் எங்கள் கேம்ப் வெல்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது அட்டவணையின் நகல் ஒன்று கொடுத்துவிடு. இந்நேரம் என்ன படிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பொழுது போகும்.

வெல்டர் பெட்டியைத் தூக்கிவிட்டார். இனி ஐந்து மணிக்குப் போன் வந்தால் நீயே எடு. பதிமூன்றாம் வாய்ப்பாடு கேள். தடுமாறாமல் சொன்னால் உடனே வைத்துவிடு. அது நான் இல்லை.

அவசரமாக,
பாப்பாவின் அப்பா