இடது கண்ணுக்கு எதற்கு வெளிச்சம்?

என் செல்ல மச்சினன் தானியேலுக்கு,

நீ போய் இருபத்திரண்டு வருஷம். நினைவு நாளுக்குப் பத்திரிகையில் உன் படத்தை மட்டும் போடுவோம். இந்தத் தடவை ஒரு கடிதமும் போகட்டும். எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள்.

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. எந்தக் கண்ணில் முதலில் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டரம்மா கேட்டார். வலது என்றேன். உன் அக்கா விடவில்லை. "ஆயுசு பூரா இடது கண்ணுலதான கேமராவுக்குள்ள பாத்திய? இப்ப என்ன வலது?" பஸ்ஸிலும் கேட்டாள், சோறு போடும்போதும் கேட்டாள். பேச்சை மாற்றினேன். இப்போது சொல்லுகிறேன், எழுதிக்கொள்ளட்டும்.

படம் பிடிக்கப் போன இடத்திலெல்லாம் நீ எத்தனை தடவை கேலி பண்ணியிருப்பாய்! "அத்தான், இடது கண்ணை வச்சா கேமராப் பொட்டி மூஞ்சி பூரா மூடிருது. வலது கண்ணை வைங்க, இடது கண்ணு சும்மா தெறந்து கெடக்கும். பக்கத்துல ஆனை வந்தாலும் தெரியும்லா?"

"ஆனை வந்தா நீ சொல்லுலே" என்பேன்.

அன்றைக்கு ஏரல் பக்கம் ஆற்றங்கரையில் அந்தக் கல்யாண ஜோடி. நல்ல வெயில். பெண்ணின் முகத்தில் நிழல் விழுந்தது. வெளிச்சத்தைத் திருப்ப, வெள்ளைத் தெர்மோகோல் பலகையோடு என் இடது பக்கம் முட்டளவு தண்ணீரில் இறங்கினாய். "இன்னும் கொஞ்சம் பொறத்தால போலே" என்று உன்னைப் பின்னால் நகரச் சொன்னதும் நான்தான். அங்கே மணல் அள்ளிய பள்ளம் கிடந்தது நம் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஊரில் எல்லாரிடமும் என்ன சொன்னேன்? சத்தமே கேட்கவில்லை என்று. பொய். "அத்தான்" என்று நீ கூப்பிட்டாய். எனக்குக் கேட்டது. கை கடுக்குது என்று சொல்ல வருகிறாயாக்கும் என்று நினைத்து, "ஆடாம நில்லுலே" என்றேன். பெண்ணும் மாப்பிள்ளையும் உன் பக்கம் திரும்பினார்கள். "ஏ, இங்கன பாருங்க" என்று அவர்களை அதட்டி, பட்டனை அமுக்கினேன். அதற்குப் பிறகுதான் கேமராவை இறக்கினேன். பலகை மட்டும் மிதந்தது.

எட்டிப் பிடித்திருக்கலாமோ? எனக்கு நீந்தத் தெரியுமே, தானியேல். இந்த இடது கண்ணுக்கு எதற்கு வெளிச்சம்?

இதுவரை எழுதியவள் பேனாவைக் கீழே வைத்தாள். "கூப்பிட்டானா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "கூப்பிட்டான்" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாளாயிற்று. சோறு வைக்கிறாள், பேசவில்லை. இனி உள்ளதைப் பக்கத்து வீட்டு டீச்சர் எழுதித் தருகிறார். "இதைப் பத்திரிகைக்குக் குடுக்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்கிறார். கொடுக்கத்தான் வேண்டும். பொய்யை ஊர் முழுக்கச் சொன்னேனே.

மன்னிக்கச் சொல்லி உன் அக்காவிடம் கேட்க மாட்டேன். உன்னிடமும்தான். ஆனால் அவள் எப்போது வாய் திறந்து கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், அந்த ஒரு கூப்பாட்டை இனி விழுங்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ கூப்பிட்டும் திரும்பாத
உன் அத்தான்