ஒரே அட்டை, இரண்டு பேர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை அப்படி வெட்டிவிட முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் பிள்ளைகள் ஐந்தும் என் வீட்டில்தான் இருக்கின்றன. பெரியவளுக்கு வந்தது வெறும் இருமல் இல்லை, காசநோய். அவளிடமிருந்து நடுவில் உள்ள இரண்டுக்கும் தொற்றிவிட்டது. ஆறு மாதம் விடாமல் மருந்து கொடுக்க வேண்டும். உங்கள் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் ஒருவர் மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தால் வேறு என்ன வரும்? ஜன்னலைத் திறக்கலாம் என்றால் கக்கூஸ் நாற்றம். நாற்பது பேருக்கு அது ஒன்றுதானே.

இந்த ஐந்துக்கும் முன்னால் பிறந்த இரண்டும் அங்கே வந்த வயிற்றுப்போக்கில்தான் போயின. அன்றைக்கு நீ அழுதுகொண்டே, "நாலஞ்சு பெத்தாத்தான்க்கா ரெண்டாச்சும் தங்கும்" என்றாய். பிரசவ வார்டு நர்ஸ் நான், கூடப் பிறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டதாக உன் மனைவி பொய் சொல்கிறாள் என்றாயே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பொய் சொல்லவில்லை. நீ லீவில் வந்திருந்த மாதம் கிளினிக்கில் கடைசியாக இருந்தது ஒரே அட்டை. வரிசையில் இவளுக்குப் பின்னால் நின்ற பக்கத்து அறைத் தையல்காரி வெறுங்கையோடு திரும்பப் பார்த்தாள். இவள் அட்டையைப் பாதியாக வெட்டிக் கொடுத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கியிருக்கிறார்கள். திட்டத்தான் போனேன். "கொழா, அடுப்பு எல்லாமே பங்கு போட்டுத்தானே அண்ணி ஓட்டுறோம். இதுவும் பாதியாச்சும் வேல செய்யும்னு நெனச்சேன்" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் நின்றுவிட்டது.

இப்போது எட்டாம் மாதம். உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்று இரண்டு பேரையும் நான்தான் சேர்த்தேன். வார்டில் இருபது கட்டில், நாற்பத்திரண்டு பெண்கள். இவர்களுக்கு ஒரே கட்டில். முந்தாநாள் தையல்காரிக்கு வலி கண்டது. குழந்தை பிழைத்துக்கொண்டது. அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவள் வகை ரத்தம் இருந்ததே ஒரு பை. அது காலையில்தான் வேறொருத்திக்கு ஏறியிருந்தது. என் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள்.

உன் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நன்றாக நகர்ந்து படு என்றால், தையல்காரி வந்தால் இடம் வேண்டுமே என்று ஓரத்திலேயே ஒடுங்கிக் கிடக்கிறாள்.

இந்தப் பிரசவத்தை இவள் தாண்டுவாளா என்று எனக்கே பயமாக இருக்கிறது. தாண்டினாலும் இன்னொன்றை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யவும் உடம்பில் ரத்தம் இல்லை. ஆம்பளைக்குக் கால் மணி நேர வேலைதான். எத்தனையோ பேருக்குக் கூட நின்றிருக்கிறேன், மறு வாரமே மூட்டை தூக்கப் போனார்கள். எவனுடைய மீசையும் உதிர்ந்துவிடவில்லை. நீ வேலை பார்க்கும் ஊரிலேயே செய்துகொள். மூன்று மாதம் கழித்துச் சோதித்துப் பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகு லீவு போடு. சாமான் எதுவும் வாங்கி வர வேண்டாம்.

நூறு வயது நன்றாக இருடா தம்பி. அவளையும் இருக்க விடு.

உன் அக்கா