பச்சை நூல் கட்டிய புட்டி

ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து குட்டையாகவும் ஒரு எழுத்து நெட்டையாகவும் இருக்கும். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். என் எழுத்துகளுக்குத்தான் கோடு கண்ணில் படவில்லை. ஐம்பது வருடம் துணியில் சாக்பீஸ் பிடித்த கை, பேனாவையும் அதே மாதிரி அழுத்துகிறது. அடுத்த தாள் வரைக்கும் பள்ளம் விழுந்திருக்கும். விளக்கு இல்லாவிட்டாலும் தடவிப் படித்துவிடலாம்.

நான் எழுதும் முதல் கடிதம் இது. இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகிறது. நூலக மாடியில் எங்கள் எழுத்து வகுப்பு டீச்சர் கேட்டார். "யாருக்குத் தாத்தா எழுதப் போறீங்க?"

"மாப்பிள்ளைக்கு."

"பொண்ணுக்கு இல்லையா?"

"பொண்ணுகிட்ட தினமும் போன்ல திட்டு வாங்குறேன். அது போதும்."

வகுப்பே சிரித்தது.

நீங்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. என் பேத்தி சுண்டெலியின் நாற்காலியை என் தையல் மிஷின் பக்கத்திலிருந்து நகர்த்தவில்லை. காலையில் மிஷினை மிதித்தால், "தாத்தா, நூலு" என்று ஒரு கை நீளுமே, அது இல்லாமல் வேலை ஓடவில்லை. ஒரு தலையணை உறையை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

இப்போது தெருவில் எதையும் சும்மா விடுவதில்லை. எல்லாப் போர்டையும் படிக்கிறேன். நேற்று பஸ்ஸில் "படியில் நிற்காதீர்" என்று படித்தேன். படியில் நின்றுகொண்டுதான் படித்தேன். உடனே மேலே ஏறிக்கொண்டேன். அந்த வரி எத்தனை வருடமாக என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது!

பத்து கிலோ ஆகட்டும், அப்புறம்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும், ஒவ்வொரு வாய் சாப்பாட்டுக்கும் அவளோடு நாம் மூன்று பேரும் மல்லுக்கட்டினோமே. பத்து கிலோ நூறு கிராம் என்று அந்தத் தராசு காட்டியபோது நீங்கள் விசில் அடித்தது இன்னும் காதில் கேட்கிறது. மற்றதும் நல்லபடி நடக்கும்.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் இல்லை. கை இன்னும் கொஞ்சம் பழகட்டும்.

உங்கள் மாமா

---

ஜூன் 9, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை உங்கள் மகள் வார்டில் வாய்விட்டுப் படித்தாள். பஸ் படி வந்ததும் பக்கத்துக் கட்டில் குழந்தையின் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்த "ஒரு விஷயம்" என்னவென்று உங்கள் மகளுக்குத் தலை வெடிக்கிறது. "அப்பா புது மிஷின் வாங்கப் போறாரு, என்கிட்ட சொன்னா விட மாட்டேன்னு உன் வழியா வர்றாரு" என்கிறாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. பெரிய டாக்டர் தாளில் இதயத்தை வரைந்து, இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டையைக் காட்டி, அதில் ஒரு சின்ன ஒட்டு வைத்துத் தைப்போம் என்றார். "தைக்கிறதா? எங்க மாமாவை வரச் சொல்லட்டுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். நல்லவேளை, சிரித்தார்.

சுண்டெலி இந்த மாடியையே ஆள்கிறாள். பத்து எட்டு வைப்பாள், என் காலைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவாள், மறுபடி பத்து எட்டு. நர்ஸ் கழுத்தில் இருக்கும் குழாயை வாங்கி என் முழங்காலில் வைத்து, "டும் இல்ல" என்று தலையாட்டுகிறாள். என் முழங்காலுக்குத்தான் ஏதோ கோளாறாம்.

ஒரு உதவி. ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் கையைத் தூக்கித் தலைவழியாகச் சட்டை மாட்டக் கூடாதாம். முன்பக்கம் முழுதும் திறக்கிற மாதிரி நாலு சட்டை வேண்டும். தழும்பின் மேல் தையல் படக் கூடாது.

வீட்டில் மருந்து கொடுக்க இப்போதே எங்களைப் பழக்குகிறார்கள். உங்கள் மகள் கற்றுக்கொண்டாள். நர்ஸ் என் பக்கம் சிரிஞ்சை நீட்டினார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை

---

ஜூன் 16, திங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் தனியாகப் படியுங்கள். பிறகு யாரிடம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம்.

வியாழக்கிழமை மதியம் "முடிஞ்சிருச்சுப்பா, நல்லாயிருக்கா" என்று போன் வந்தபோது நான் ஒரு வாடிக்கையாளர் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைப் பெருக்கினேன். காலையில்தான் பெருக்கியிருந்தேன். ஓட்டை மூடிவிட்டது, உதடு சிவப்பாக இருக்கிறது என்று அவள் சொன்னாளே, அந்தச் சிவப்பைப் பார்க்கும் வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

சட்டை ஐந்து அனுப்பியிருக்கிறேன். பொத்தான் வைக்கவில்லை, அழுத்தும். ஓரமாக நாடா வைத்திருக்கிறேன். நெஞ்சுக்கு நேராக ஒரு தையல்கூடக் கிடையாது. நீங்களே தடவிப் பாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அளவு நாடா பிடிக்க அது போதும். வாடிக்கையாளர் பெயரை எழுத முடியாததால் ஆளுக்கு ஒரு நிற நூலைத் துணி முனையில் கட்டி வைப்பேன். அத்தனை வருடத்தில் ஒருவர் சட்டை இன்னொருவரிடம் போனதில்லை. அந்தப் பெருமையில்தான் சுண்டெலியின் மருந்துக்கும் அதையே செய்தேன். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய, ஒரே உயரப் பழுப்புப் புட்டிகள். இதயத் துடிப்பு மருந்துக்குக் கழுத்தில் பச்சை நூல், அது அரை மில்லி. நூல் இல்லாதது, உடம்பில் சேரும் நீரை இறக்கும் நீர் மருந்து, அது ஒரு மில்லி. "அப்பா மூளையே மூளை" என்று உங்கள் மனைவிகூட மெச்சினாள்.

போன அக்டோபரில் அந்த நாள். காலையில் நீங்கள் பேக்கரியில் இரவு வேலை முடித்து வந்து, மருந்து கொடுத்துவிட்டுப் படுத்தீர்கள். மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் சுண்டெலி கையில் பச்சை நூல். தாழ்வாக இருந்த மருந்துத் தட்டில் எட்டி உருவியிருக்கிறாள். "திருட்டு எலி" என்று சிரித்துக்கொண்டே வாங்கித் திரும்பக் கட்டினேன்.

வேறு புட்டியில் கட்டிவிட்டேன், மாப்பிள்ளை.

மதிய மருந்து கொடுத்தபோது, அரை மில்லி போக வேண்டிய துடிப்பு மருந்து என் கையால் ஒரு மில்லி போனது. சாயங்காலம் வாந்தி எடுத்துத் துவண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில், "யாராவது ரெண்டு தடவை குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். நீங்கள் முகம் வெளுத்து, "காலையில தூக்கக் கலக்கத்துல நான்தான் குடுத்திருப்பேன் போல" என்றீர்கள். அந்த நேரத்தில் எனக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இரண்டாம் நாள் குழந்தை தேறி வீட்டுக்கு வந்தாள். உங்கள் மனைவி சமையலறையில், "இனிமே நீ மருந்தைத் தொடாதே" என்று உங்களிடம் சொன்னாள். நான் மிஷினில் இருந்தேன், காதில் விழுந்தது. அதே மதியம் புட்டியைத் திறந்தபோது வாசனை மாறி இருந்தது. நீர் மருந்து ஆரஞ்சு மிட்டாய் மாதிரி வாசம் வரும். பச்சை நூல் கட்டிய புட்டியிலிருந்து அந்த வாசம் வந்தது.

நூலை மாற்றிக் கட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். பேப்பர் படிக்க ஆசை என்று உங்களிடம் சொன்னது பொய். புட்டியில் கடைக்காரர் ஒட்டிய சீட்டைப் படிக்கத்தான் போனேன்.

குழந்தையை என்னிடம் விட மாட்டீர்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான், வேறு நியாயம் இல்லை. அதற்காக எட்டு மாதம் உங்கள் கையைக் கட்டிப்போட்டேன். அது தப்புச் செய்யாத கை.

உங்கள் மாமா

---

ஜூன் 26, வியாழன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பத்து நாளாகப் பதில் இல்லை. இருக்காது என்று நினைத்துத்தான் அனுப்பினேன். தினமும் வீடியோ போனில் சுண்டெலி "தாத்தா, சட்ட!" என்று நாடாவை இழுத்துக் காட்டுகிறாள். "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டால் உங்கள் மனைவி, "கீழே போயிருக்காருப்பா" என்கிறாள். எத்தனை முறைதான் கீழே போவீர்கள் என்று நானும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும். நீங்கள் வந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வைப்பதானால், நான் முகம் சுளிக்க மாட்டேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவள் நாற்காலி மிஷின் பக்கத்தில் இருந்தால் போதும். அதுவும் நீங்கள் சரி என்றால்.

உங்கள் மாமா

---

ஜூன் 29, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்றாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். துடைப்பத்தோடு வந்த அம்மா, "எந்திரிங்க தம்பி" என்று சொல்லும் வரை அங்கேயே இருந்தேன்.

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். நூல் மாறியதற்கு இல்லை, அது யாருக்கும் நடக்கும். அன்றைக்கு அவள் "தொடாதே" என்று சொன்னபோது மிஷின் சத்தம் நிற்கவில்லை. பிறகு உண்மை தெரிந்த பின்னும் மறுநாள், மறு வாரம், எட்டு மாதம் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குத்தான். பேக்கரியில் தட்டில் அடுக்கிய ரொட்டியைக்கூட இரண்டாம் தடவை எண்ணினேன், மாமா. என் கணக்கை நானே நம்பவில்லை.

ஐந்து நாள் கடிதம் என் பையிலேயே இருந்தது. ஆறாம் நாள் உங்கள் மகளிடம் கொடுத்தேன். படித்து முடித்துத் தாளை மடித்து வைத்தாள். மருந்து நேரம் வந்ததும் சிரிஞ்சை நிரப்பி என் கையில் வைத்தாள்.

"இந்தா, பிடி."

"நீயே குடு."

"பிடின்னா பிடியேன். உன் மக வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறா."

சிரிஞ்சின் கோட்டை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். சுண்டெலிக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. குடித்துவிட்டு, "அப்பா, இன்னும்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு உங்கள் மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

கொஞ்சம் ஆறியதும் அவளுக்கு உங்கள் மேல் கோபம் திரும்பியது. "அப்பாகிட்ட எழுது, இனிமே அவர் மருந்தைத் தொடக் கூடாது."

அதை எழுத மாட்டேன் என்றேன். அந்த வார்த்தையோடு எட்டு மாதம் இருந்தவன் நான். நம் வீட்டில் இனி யாருக்கும் அது வேண்டாம்.

"அப்போ என்னதான் எழுதுவே?" என்றாள். இதைத்தான் எழுதுகிறேன்: காலை மருந்து என் கையால். மதிய மருந்து உங்கள் கையால். இரவு மருந்து அவள் கையால். இன்னும் ஆறு மாதத்துக்கு அதே இரண்டு மருந்துகள்தான். அளவு மட்டும் மாறியிருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் அதைப் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். அவள் சரி பார்ப்பாளாம்.

துடிப்பு மருந்து — ஒரு மில்லியில் கால் பங்கு
நீர் மருந்து — அரை மில்லி

ஜூலை 11, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறோம். ஆறு வாரத்துக்கு அவளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை முதுகுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழே. தலையணையை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை

---

ஜூலை 4, வெள்ளி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இது ஏழாவது தாள். முதல் ஆறிலும் ஓரிடத்தில் மை பரவிவிட்டது. ஏன் என்று கேட்க வேண்டாம், பேனா பழசு.

துடிப்பு மருந்து — ஒரு மில்லியில் கால் பங்கு
நீர் மருந்து — அரை மில்லி

உங்கள் மனைவி சரி பார்த்ததும் இதையே அட்டையில் எழுதிப் புட்டிகளில் ஒட்டுவேன். மருந்துக் கடைக்கும் போய்வந்தேன். கடைக்காரரிடம் அதே இரண்டு மருந்தையும் எடுத்து வைக்கச் சொல்லி, சீட்டை விரல் வைத்து உரக்கப் படித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர், "பெரியவரே, இன்னைக்குள்ள முடியுமா?" என்றார். "முடியாது" என்று சொல்லிவிட்டு இன்னொரு தரம் படித்தேன். இரண்டு முறையும் சரி என்றார் கடைக்காரர்.

மருந்துத் தட்டை என் தோள் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். திருட்டு எலிக்கு இனி எட்டாது. பச்சை நூல்கண்டை அவள் நாற்காலியில் கட்டிவிட்டேன். அவள் இஷ்டத்துக்கு உருவட்டும், அதை நம்பி இந்த வீட்டில் இனி எதுவும் இல்லை.

தலையணையைத் தூக்கித் தூக்கிப் பழகிவிட்டேன். ஒரு கை முதுகுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழே. ஜன்னலில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

உங்கள் கோபம் நியாயமானது. மிஷினை நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் எழுத்து போதவில்லை. நேரில் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

அடுத்த வெள்ளி நீங்கள் எல்லோரும் வந்துவிடுவீர்கள், அதோடு கடிதம் நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு அடுத்த வாரமும் எழுதுவேன். தபாலில் போட மாட்டேன். சாயங்காலம் நீங்கள் தூங்கி எழும்போது மருந்துத் தட்டில் இருக்கும்: எத்தனை மணிக்குக் கொடுத்தேன், எவ்வளவு கொடுத்தேன், குடித்தாளா, என் சட்டையில் துப்பினாளா, எல்லாம்.

உங்கள் மாமா