படகில் இருபத்தெட்டுப் பேர்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நாம் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. உங்கள் மகளின் அம்மாவை இருபது வருடங்களுக்கு முன் மணந்துகொண்டவன் நான். பேருந்து ஓட்டுநர். உங்கள் பழைய நண்பர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், முகவரி கொடுத்தார். இப்படி ஒரு கடிதத்தைப் பிரித்ததும் என்னவோ ஏதோ என்று நினைப்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே எல்லோரும் சௌக்கியம். வந்திருப்பது நல்ல செய்திதான்.

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மாப்பிள்ளை நில அளவையாளர். தங்கமான பிள்ளை, ஆனால் எதையும் அளக்காமல் விடமாட்டார். நாற்காலி போடுகிற இடத்தைக்கூட டேப் பிடித்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். பெண் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். இத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்தும் என் இடுப்பு நிமிர்ந்து நிற்கிறதென்றால் அது அவள் புண்ணியம்.

கல்யாணம் மண்டபத்தில் இல்லை. டெஸ்டினேஷன் வெட்டிங் என்கிறார்கள். மூன்று மணி நேரம் போனால் ஒரு பெரிய ஏரி, ஏரி நடுவே ஒரு தீவு, தீவில் ஏழு அறைகளோடு ஒரு பழைய விருந்தினர் மாளிகை. பதிவாளர் முன்னால் கையெழுத்து, பிறகு சாப்பாடு, அவ்வளவுதான். “ஊரையே கூப்பிட்டா மேடையில நின்னு சிரிச்சே நான் களைச்சுப் போயிடுவேன்ப்பா. நம்மள நெஜமா தெரிஞ்சவங்க மட்டும் வந்தா போதும்” என்றாள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. டிப்போவில் மட்டுமே எனக்கு நூறு பேர். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இப்போது எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இடம் பார்க்கப் போனோம். தண்ணீரைக் கண்டதும் என் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. அவ்வளவு அமைதி. தீவுக்கு ஒரே படகு, காலையில் ஒரே ஒரு நடை. “இருபத்தெட்டுப் பேர்தான். அதுக்கு மேல கைக்குழந்தையக்கூட ஏத்தமாட்டேன்” என்று படகுக்காரர் கறாராகச் சொன்னார். நானும் வண்டி ஓட்டுகிறவன், அவர் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று.

அன்று முதல் வீட்டில் இந்த இருபத்தெட்டுதான் பேச்சு. என் தம்பியின் மாமனார் குடும்பத்தைப் பட்டியலிலிருந்து எடுத்ததற்குத் தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சம்பந்தியம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சமையலறையில் வெங்காயம் நறுக்கிப் பழகுகிறாராம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெண் எழுதி முடித்த பட்டியலைப் பயணிகளை எண்ணுவதுபோல் இரண்டு தடவை எண்ணினேன். பதிவாளரையும் சேர்த்து இருபத்தேழுதான் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு இடம் இருக்கிறதே, டிப்போ மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். “அது இருக்கட்டும்ப்பா” என்று தாளை வாங்கிக்கொண்டாள். வாங்கினாள் என்று எழுதுகிறேன், பிடுங்கினாள் என்பதுதான் சரி. அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

என் மனைவியிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த போர்வையை மடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். “அது அவ அப்பாவுக்கு. கேக்கவும் மாட்டா, விட்டுக்குடுக்கவும் மாட்டா” என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் சுருக்கென்றது. மறுநாள் இரண்டு நடை வண்டி ஓட்டியபிறகு சரியாகிவிட்டது.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை நீங்கள் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துகள் இன்னும் அவள் அலமாரியில் இருக்கின்றன. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்குத் தெரியும். “எழுதுங்க, ஆனா கெஞ்சாதீங்க” என்று சொல்லியிருக்கிறாள். அதனால் கெஞ்சவில்லை. ஓர் இடம் இருக்கிறது என்று தெரிவிக்கிறேன். படகுக்காரர் பெயர்களை முன்கூட்டியே கேட்கிறார். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் ஓட்டுநர்

⁂

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. ஐயா என்று எழுத வேண்டாம், கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் என்னைவிட நான்கு வயது மூத்தவராம், மனைவி சொன்னாள். அதனால் அண்ணன்.

வர ஆசைதான், ஆனால் என்னைப் பார்த்து அவள் முகம் சுருங்கினால் அவளுடைய நாளே கெட்டுப்போகுமே என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது? கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

“யாரைக் கேட்டு எழுதினீங்க?” என்று சத்தம் போட்டாள். பிறகு நின்றபடியே படித்தாள். உட்கார்ந்து மறுபடியும் படித்தாள். சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டாள். காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அன்று முழுக்க எனக்கு வண்டியில் கியர் சரியாக விழவில்லை. சாயங்காலம் வந்தவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் அம்மாவைக் கேட்டாள்: “அவருக்குப் படகுல போனா தலை சுத்துமா?”

“பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தாலே சுத்தும்” என்றாள் என் மனைவி.

மறுநாள் கல்யாணப் பையில் ஒரு அட்டை தலைசுற்றல் மாத்திரை இருந்தது.

பட்டியலில் உங்கள் பெயரை அவளே எழுதினாள். பெயருக்கு எதிரே உறவுமுறையும் எழுத வேண்டும். உங்களுக்கு எதிரே அப்பா என்று போட்டாள். எனக்கு எதிரேயும் அதுதான். படகுக்காரர் போன் பண்ணி, “ரெண்டு எடத்துல அப்பான்னு இருக்கே, எது சரி?” என்று கேட்டார். ரெண்டும் சரிதான் என்றேன். சொன்ன பிறகு மனம் லேசாகத்தான் இருந்தது.

மற்ற ஏற்பாடுகள் நன்றாக நடக்கின்றன. சமையல்காரருக்கும் மாப்பிள்ளைக்கும்தான் ஒரு சின்னத் தகராறு. அடுப்பு வைக்கும் இடத்தை இவர் அளந்து கோடு போட்டுக் காட்டினாராம், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சம்பந்தியம்மா இப்போது குளியலறை வாளியைப் பார்த்துப் பயப்படுவதில்லையாம். ஏழு அறைதான் என்பதால் உங்களுக்கும் எனக்கும் ஒரே அறை. என் குறட்டை மேட்டில் ஏறுகிற பழைய பஸ் மாதிரி இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பேருந்து நிலையத்தில் நிற்பேன். அடையாளத்துக்கு என்ன நிறச் சட்டை போட்டு வரட்டும் என்று கேட்டிருந்தீர்கள். எது வேண்டுமானாலும் போட்டு வாருங்கள். நம் பெண் வேகமாக நடக்கும்போது அவள் இடது தோள் கொஞ்சம் முந்திக்கொண்டு போகும். அவள் அம்மாவுக்கு அந்த நடை இல்லை. என்னிடமிருந்து வர வழியில்லை. பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, அவள் உள்ளே போகும்வரை எத்தனையோ காலைகள் அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் உங்களைக் கண்டுபிடித்துவிடுவேன். நீங்கள் பத்திரமாக வந்து இறங்குங்கள், அது போதும்.

அன்புடன்,
நாங்கள் மூவரும்