வழி டிஸ்க் கிடைக்கவில்லை

நிழற்குழி நீர் நிலையம், நிலவின் தென்முனை
பணிக்குறிப்பு எழுதுபவர்: செண்பகவல்லி, பராமரிப்புப் பிரிவு

நாள் 212 – 07.30

மின்கலம் மாற்றும் வேலை முடிந்தது. அதற்காகக் கம்ப்யூட்டரை முழுக்க அணைக்க வேண்டியிருந்தது. இப்போது மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். காற்று, தண்ணீர், வெப்பம் மூன்றும் தனி இணைப்பில் ஓடுகின்றன. குறை ஒன்றும் இல்லை.

இங்கே நாங்கள் இரண்டே பேர். இன்னொருவன் மரிய சூசை, உவரிக்காரன், வண்டி ஓட்டுபவன். விடிகாலையிலேயே பனி அள்ளக் குழிக்குள் போய்விட்டான். விடிகாலை என்பது கடிகாரக் கணக்குதான், இந்தக் குழியில் சூரியன் என்றைக்கும் எட்டிப் பார்த்ததில்லை. போகிற போக்கில் என் பங்குக் காப்பித் தூளையும் சேர்த்துப் போட்டுக் குடித்திருக்கிறான். வரட்டும், அவனுக்கு இருக்கிறது.

08.15

சிஸ்டம் எழுந்துவிட்டது. டிஸ்க்குகளைத் தேடிப் பட்டியல் போட்டது. காற்று: கிடைத்தது. தண்ணீர்: கிடைத்தது. பதிவு: கிடைத்தது. வழி: கிடைக்கவில்லை.

இதைப் பின்னால் படிக்கிறவருக்காகச் சொல்கிறேன். குழியின் தரை முழுக்க விளக்குக் கம்பங்கள் நட்டிருக்கிறோம். நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. பனி வெட்ட வெட்டத் தரை பல இடங்களில் உள்ளே பொள்ளலாகிவிட்டது. அதனால் வண்டிப் பாதை அடிக்கடி மாறும். எந்தக் கம்பங்கள் எரிய வேண்டும் என்ற கணக்கு வழி டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது. எரிகிற கம்பத்தைப் பார்த்து அடுத்த கம்பத்துக்கு ஓட்டி வருவதுதான் சூசையின் வேலை. டிஸ்க் இல்லையென்றால் ஒரு விளக்கும் எரியாது. கையால் ஏற்ற ஒரு சுவிட்ச் வையுங்கள் என்று வந்த புதிதிலேயே எழுதிக் கேட்டேன். ஆலோசிக்கிறோம் என்றார்கள், இன்னும் ஆலோசிக்கிறார்கள்.

அவன் திரும்ப மாலையாகும். அதற்குள் சரி செய்துவிடலாம்.

09.00

மறுபடி தேடச் சொன்னேன். கிடைக்கவில்லை. கேபிளை மாற்றினேன். கிடைக்கவில்லை. டிஸ்க்கை உருவி, முனையை வாயால் ஊதி மாட்டினேன். ஊதக் கூடாது, மூச்சில் ஈரம் இருக்கும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். யார்தான் ஊதவில்லை?

கிடைக்கவில்லை.

09.40

சூசை ரேடியோவில் வந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"யக்கா, ஒரு பெரிய பனிக்கட்டி சரிஞ்சு வண்டி மேல விழுந்துட்டு. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீ பேசுறது எனக்குக் கேக்கல, வெறும் கரகரப்புதான். நான் பேசுறது உனக்குக் கேக்கும்னு நெனச்சுப் பேசுதேன். காத்து டாங்கில ஒரு குழாய் விரிசல் விட்டிருக்கு. கட்டிப் பாத்தேன், நிக்கல. மதியத்துக்கு மேல தாங்காது. நான் பாதை தொடங்குற கம்பத்தடிக்கு வந்துருதேன், நீ லைட்டப் போட்டு வை."

பதில் சொன்னேன். கேட்கிறது, வா, பார்த்து வா என்று தொண்டை கிழியச் சொன்னேன். அவன் அதே செய்தியை இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.

மாலை வரை நேரம் இருக்கிறது என்று எழுதியதை அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10.10

பூமியில் கட்டுப்பாட்டு மையத்தைப் பிடித்தேன். தணிகைவேல் என்ற அதிகாரி பணியில் இருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வண்டி ஒன்றுதான் என்பதையும், நடந்து போனால் அவனிடம் சேர்வதற்குள் அவன் காற்று தீர்ந்துவிடும் என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"மேடம், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

கையில் கிடைத்ததை எறியலாம் போலிருந்தது. மூன்று லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற மனிதர், பிழைத்துப் போகட்டும். ரீஸ்டார்ட் செய்தேன். கிடைக்கவில்லை.

10.45

கையுறையைக் கழற்றிவிட்டு டிஸ்க்கைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது. தோலோடு பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது புரிகிறது. மின்கலம் மாற்றும்போது ரேக்கின் சூடேற்றியும் அணைந்திருக்கிறது. மற்ற மூன்றும் உள்பக்கம் இருப்பவை, தப்பித்துவிட்டன. வழி டிஸ்க் வெளிச்சுவரை ஒட்டி இருப்பது, விறைத்துவிட்டது. அதன் மோட்டார் சோம்பல் முறித்து எழுவதற்குள் சிஸ்டம் பொறுமை இழந்து 'கிடைக்கவில்லை' என்று கையை விரிக்கிறது. ஆள் வீட்டுக்குள் இருக்கிறான், கதவைத் திறக்கத்தான் நேரமாகிறது. நமக்கோ அவசரம்.

சூடேற்றியைப் போட்டுவிட்டேன், அது மெதுவாகத்தான் ஏறும். அதுவரை டிஸ்க்கை உடைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பல் கிட்டிக்கொள்கிறது.

11.30

மாட்டினேன். இந்த முறை பார்த்துவிட்டது. பார்த்துவிட்டு என்ன சொல்கிறது தெரியுமா?

'புதிய டிஸ்க் ஒன்று உள்ளது. இது வெற்று டிஸ்க். பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யவா? ஆம் / இல்லை.'

வெற்று டிஸ்க்காம். நேற்று மாலை வரை இந்த வெற்று டிஸ்க்தான் சூசையை வீட்டுக்குக் கூட்டி வந்தது.

தணிகைவேலிடம் சொன்னேன். ஆம் கொடுத்துவிடுங்கள், கணக்கை இங்கிருந்து புதிதாக அனுப்புகிறோம் என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். யாரிடமோ விசாரித்துவிட்டு நாளைக் காலை என்றார். நாளைக் காலை யாருக்கு விளக்குப் போடுவது என்று கேட்டேன். மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கோபமாகப் பேசிவிட்டேன், அந்த மனிதர் குரலும் உடைந்துதான் இருந்தது.

இல்லை என்று அழுத்தினேன். டிஸ்க் மறுபடி பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது.

12.25

சூசை கம்பத்தடிக்கு வந்து சேர்ந்துவிட்டான். ஒரு முன்விளக்குதான் எரிகிறதாம், நாலு முழத்துக்கு மேல் தெரியவில்லையாம். காற்று முள் சிவப்பில் நிற்கிறதாம். விளக்கு ஏன் போடவில்லை என்று அவன் கேட்கவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டினால் கூடத் தேவலை. காப்பித் தூளை எடுத்ததற்குக் கோபமா என்று சிரித்தான், பிறகு மூச்சைச் சேமிக்க வேண்டும், கொஞ்ச நேரம் பேச மாட்டேன் என்றான்.

சூசை, உனக்கு டப்பாவோடு தருகிறேன். நீ வந்து சேர்.

12.50

போதும். என் பொறுமையும் போய்விட்டது. ரேக்கில் இருந்த அத்தனை டிஸ்க்கையும் உருவினேன். சூசையின் பென்சில் முனையில் இருந்த ரப்பரால் ஒவ்வொன்றின் இணைப்புத் தகடுகளையும் தேய்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் ஒரு ஸ்லாட்டின் விளிம்பில் காய்ந்து கிடந்தது, அதையும் சுரண்டினேன். எல்லாவற்றையும் திரும்பச் செருகி, உள்ளங்கையால் அடித்து, கடைசி வரை அழுத்தி மாட்டினேன். ரீஸ்டார்ட்.

பிள்ளையாரே, வேளாங்கண்ணி மாதாவே, யார் சும்மா இருக்கிறீர்களோ அவர்கள் வாருங்கள்.

13.10

வழி: கிடைத்தது.

கிடைத்தது. கிடைத்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கம்பங்கள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு போகின்றன. நான் அழுகிறேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். தணிகைவேலிடம் சொன்னேன். அங்கே அறையில் இருந்தவர்கள் கைதட்டியது கேட்டது.

"யக்கா, எரியுது. நான் கிளம்பிட்டேன். பத்தரமா வாரேன்."

13.30

உலை வைத்துவிட்டேன். வந்ததும் சூடாக ஏதாவது குடிக்க வேண்டும். மருத்துவப் பெட்டியும் காற்றுக் குப்பியும் வாசல் அறையில் தயார்.

அவன் வழி நெடுகப் பேசிக்கொண்டே வருகிறான். வாசல் வரை வரக் காற்று போதும் என்கிறான். குரலில் களைப்பு இருக்கிறது, பயம் இல்லை.

13.41

"யக்கா, பாதை நேராவே போவுதே. இந்நேரம் இடப்பக்கம் ஒரு வளைவு வரணும்லா? இன்னும் காணோம். சரி, பாதைய மறுபடி மாத்திருப்பாங்க, நீ பாத்துத்தான் போட்டிருப்ப."

என்ன வளைவு?

பெரிய வெட்டுக்குழி. போன மாதம் வெட்டி முடித்தது. முப்பது ஆள் ஆழம், ஓரம் முழுக்கப் பொடி மண். அதைச் சுற்றிக்கொண்டுதான் பாதை வளைகிறது. வளைவு ஏன் வரவில்லை?

13.43

எழுத நேரமில்லை. காலர் மைக்கில் சொல்கிறேன், அது எழுதிக்கொள்ளும்.

டிஸ்க்கின் தேதியைப் பார்த்தேன். போன வருஷம்.

ஐந்தாவது ஸ்லாட். பழைய வழி டிஸ்க். புதியது வந்ததும் பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. எதுக்கும் இருக்கட்டும் என்று இணைப்புத் தொடாமல் பாதி உருவி வைத்திருந்தோம். நானும் சூசையும் சேர்ந்துதான் வைத்தோம். தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழுத்தி மாட்டினேனே, அதையும் சேர்த்து அழுத்தியிருக்கிறேன். இரண்டுக்கும் பெயர் வழிதான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முதலில் குரல் கொடுத்தவனுக்கு நாற்காலி. குளிரில் கிடந்தவன் வாய் திறப்பதற்குள் கிழவன் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

அந்த விளக்குகள் வெட்டுக்குழிக்கு நேராகப் போகின்றன. குழிக்கு அந்தப் பக்கமும் எரிகின்றன. நடுவில் இருப்பது இருட்டில் அவன் கண்ணுக்குத் தெரியாது.

13.45

விளக்கை அணைக்கச் சொல்லித் தட்டினேன்.

'பாதையில் வாகனம் உள்ளது. பாதுகாப்புக் கருதி அணைக்க அனுமதி இல்லை.'

மறுபடி தட்டினேன். அனுமதி இல்லை. அட பாவி, பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறேன். அனுமதி இல்லை.

விளக்கு அணைந்தால் வண்டி நிற்க வேண்டும். அது எங்கள் விதி, அவனுக்கும் தெரியும். நின்றால் காற்று தீரும். பாதி தூரம் வந்துவிட்டான், நான் காற்றுக் குப்பியும் கைவிளக்குமாக ஓடினால்... நின்றால்தான் அதுவும். முதலில் நிற்கட்டும்.

டிஸ்க்கை உருவிவிட்டேன். கையோடு பிய்த்து எடுத்துவிட்டேன். எல்லாம் அணைந்தது.

13.47

"யக்கா, லைட்டு போயிட்டு."

ஆமாம். நில்.

"நீ அணைச்சியா, அதுவா போச்சான்னு தெரியல."

நான்தான். நான்தான் அணைத்தேன், சூசை. அங்கேயே நில். கேட்காது என்று தெரியும், கத்துகிறேன், எனக்கு வேறு என்ன செய்ய முடியும்.

வண்டி இரைச்சல் குறைகிறது. நின்றுவிட்டது. நின்றுவிட்டான். சமர்த்து. என் ராசா. அப்படியே இரு, நான் கிளம்பிவிட்டேன், வெளியே போகும் உடையின் இடது கை மாட்டியாகிவிட்டது.

13.50

"யோசிச்சுப் பாத்தேங்க்கா. நீயா அணைச்சிருக்க மாட்ட. என்னைய இருட்டுல நிறுத்திட்டு இருக்கிற ஆளா நீ? அந்த சிஸ்டம்தான் மறுபடி மக்கர் பண்ணிருக்கும், நீ அதோட மல்லுக்கட்டிட்டு கெடப்ப. பதறாதக்கா. கம்பம் நின்ன வரிசை கண்ணுல இருக்கு. நேராத்தான. மெல்ல வந்துருதேன்."

இல்லை.

இல்லை சூசை, நான்தான்.

நான்தான் அணைத்தேன், நான் அப்படிப்பட்டவள்தான், நில்

13.52

இரைச்சல். ஓட்டுகிறான்.

அடுப்பில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறான்.

13.53

கடைசியாகக் கேட்டது "யக்கா, தரை என்ன". அதற்குப் பிறகு சரிகிற சத்தம். ரொம்ப நேரம் சரிந்தது. அதற்குப் பிறகு கரகரப்பு.

13.56

கரகரப்பு.

14.05

சிஸ்டம் தானாகவே டிஸ்க்குகளை மறுபடி தேடியிருக்கிறது. ரேக் சூடாகிவிட்டது.

வழி: கிடைத்தது. தேதி நேற்றையது. இது வெற்று டிஸ்க் அல்ல. ஒன்றும் அழியவில்லை. எல்லாம் அதில் அப்படியே இருந்திருக்கிறது.

கம்பங்கள் எரிகின்றன. சரியான பாதை, இடப்பக்கம் வளைந்து, குழியைச் சுற்றிக்கொண்டு, வாசல் வரை. ஒரு கம்பம் கூட விடவில்லை. தணிகைவேல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நான் எடுக்கவில்லை.

திரையில் கேள்வி: 'பாதையில் வாகனம் இல்லை. விளக்குகளை அணைக்கவா? ஆம் / இல்லை.'

இல்லை.

14.06

'பாதையில் வாகனம் இல்லை. விளக்குகளை அணைக்கவா?'

இல்லை.

14.07

இல்லை.