உரிமையாளரிடம் அனுமதி கேட்கவும்

என் கண்ணுக்கு அம்மா எழுதறது. நாங்க ரெண்டு பேரும் இங்க சௌக்கியம். உங்க அப்பாவுக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான், எனக்கு ஒரு குறையும் இல்ல, சொல்லப்போனா ரொம்ப நாளைக்கப்புறம் இந்த வாரம்தான் நல்லாத் தூங்கறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாம இருக்கீங்களா? குட்டிக்குப் பல் முளைக்கிற நேரம், லேசா உடம்பு சுட்டா உடனே பயந்துடாதே. இதையெல்லாம் போன்ல சொல்லாம ஏன் எழுதறேன்னா, அந்த ஆளோட பேச்சை எடுத்தாலே நீ விடும்மா விடும்மான்னு சொல்லி போனை வச்சிடறே. கடிதத்துல நீ குறுக்கே பேச முடியாது, முழுசாப் படி.

எங்க ஸ்டாஃப் ரூம்ல கணக்கு வாத்தியாருங்க நாலு பேர், அவங்களுக்குச் சண்டை போட்டுக்கவாவது ஆள் இருக்கு. உளவியலுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் ஒரே ஆள்தான். பாடம் நல்லா வந்தா சொல்லிக்க ஆள் இல்ல, சொதப்பினா ஏன்னு கேட்டுக்கவும் ஆள் இல்ல. அதனாலதான் உளவியல் டீச்சர்களுக்குன்னு இணையத்துல ஒரு குழு இருக்குன்னு தெரிஞ்சதும் தாகத்துல தண்ணி கிடைச்ச மாதிரி ஓடிப்போய்ச் சேர்ந்தேன். நான் தயாரிச்ச பாடம், வினாத்தாள், வகுப்புல செய்யற சோதனை எல்லாத்தையும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். எதுலயும் என் பேரைப் போடணும்னு தோணவே இல்ல. குழுவை நடத்தினது உங்க அப்பா மைக்குன்னு பேர் வச்சாரே, கையில மைக் கிடைச்சா கீழ வைக்கமாட்டாரே, அவர்தான். வாய்க்கு வாய் அக்கா அக்காம்பார். நானும் கூடப்பிறக்காத தம்பின்னு நம்பினேன்.

குடைப் பாடம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீயே என் வகுப்புல உட்கார்ந்து ஏமாந்தவ. பாடம் நடந்துக்கிட்டிருக்கும்போது லேப் உதவியாளர் உள்ள வந்து சாவி எங்கேன்னு என்கூடச் சத்தம் போட்டுட்டுப் போவார். அப்புறம் நான் பிள்ளைங்ககிட்ட அவர் கையில இருந்த குடை என்ன நிறம்னு கேட்பேன். குடையே கிடையாது, ஆனா பாதி வகுப்பு கறுப்புங்கும், நீலம்ங்கும், நீ பூப்போட்டதுன்னு சொன்னே. மனுஷ ஞாபகம் எவ்வளவு லேசா ஏமாறுதுன்னு அதைவிட நல்லாச் சொல்ல எனக்கு வேற வழி தெரியல. போன மாசம் குழுப் பக்கத்தைத் திறந்தா அந்தப் பாடத்துக்கு மேல, உருவாக்கியவர்னு போட்டு மைக்கோட பேர். கீழ இறங்கிப் பார்த்தா என்னோட ஒவ்வொண்ணுக்கும் அதே பேர். ஆசிரியர் சங்கத்தோட வருஷக் கூட்டத்துல இதே பாடத்தை அவர் எல்லாருக்கும் நடத்திக் காட்டப் போறாராம், அதோட அவரையே சங்கத்துக்குப் பயிற்சித் தலைவராப் போடப்போறாங்களாம்.

 நான் மரியாதையாத்தான் குழுவுல எழுதினேன், தம்பி இது நான் கொடுத்த பாடமாச்சேன்னு. அதுக்கு அவர் என்ன எழுதினார் தெரியுமா, அக்கா நீங்க ஓய்வு பெறப்போற நேரம், ஞாபகம் அப்படி இப்படித்தான் இருக்கும், நாமளே நடத்தற பாடம்தானே, இப்ப நீங்களும் இல்லாத குடையைப் பார்க்கறீங்கன்னு. என் பாடத்தையே எடுத்து என்னையே அடிச்சார். அதுக்குக் கீழ வரிசையா சிரிக்கிற பொம்மை. நான் வினாத்தாள் திருத்திக் கொடுத்தவங்க, போன்ல அழுதவங்க, எல்லாரும் சிரிச்சாங்க. பதில் எழுதலாம்னு பார்த்தா என்னால எழுத முடியாதபடி பூட்டிட்டார். அன்னைக்குத்தான் உனக்குப் போன் பண்ணேன், நீ விடும்மான்னே. வகுப்புல ஒரு பையன் ஏதோ கேட்க, பதில் சட்டுன்னு வரல, எனக்கு நிஜமாவே ஞாபகம் தப்புதோன்னு ஒரு நிமிஷம் பயம் வந்துச்சு பாரு, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

திருடறதுலயும் அவர் சோம்பேறி. குழுப் பக்கத்துல இருந்ததெல்லாம் வெறும் இணைப்பு, பாடம் பூரா என்னோட இணையக் கணக்குலதான் இருக்கு. ஒரு நகல்கூட எடுத்து வச்சுக்கல, தலைப்புல தன் பேரை மட்டும் போட்டுக்கிட்டிருக்கார். அது தெரிஞ்சதும் நான் ஒண்ணும் பேசல. கூட்டம் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அன்னைக்குக் காலையில, என் அனுமதி இல்லாம யாரும் திறக்க முடியாதபடி எல்லாத்தையும் பூட்டினேன். உங்க அப்பா பாவம் விடுன்னார், அவரைக் காபி போடச் சொல்லி அனுப்பிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தேன். கூட்டத்தை நேரடியாக் காட்டினாங்க. மைக்கு கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு, பல வருஷம் யோசிச்சு நான் உருவாக்கின பாடம்னு ஆரம்பிச்சு இணைப்பை அழுத்தினார். பெரிய திரையில வந்தது இதுதான்: இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை, உரிமையாளரிடம் அனுமதி கேட்கவும். சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவை அழுத்தினார், அதேதான். நெட் சரியில்லன்னார். முன் வரிசையில ஒரு பெரியவர், நிஜமாவே புரியாமத்தான் கேட்டிருப்பார்னு நினைக்கிறேன், சார் உங்க பாடம்தானே, நீங்க யார்கிட்ட அனுமதி கேட்கணும்னார்.  அந்த நேரம் பார்த்து என் போன் டிங்குன்னுச்சு. அவர்தான், அனுமதி கேட்டு. திரையில அவர் நெத்தி வேர்வையைத் துடைக்கிறார், என் கையில அவர் பேர் மினுங்குது. காபியோட வந்த அப்பா அழுத்திடு தாயேன்னார். நான் போனைக் கவுத்து வச்சுட்டுக் காபியைச் சொட்டு விடாம குடிச்சேன். பயிற்சித் தலைவர் பேச்சையே அன்னைக்கு யாரும் எடுக்கல.

ஆனா ஒண்ணு சொல்லணும். சாயங்காலம் வேலைக்குப் புதுசா வந்த ஒரு டீச்சர் பொண்ணு போன் பண்ணா. மறுநாள் அவ வகுப்பைப் பார்க்க மேலதிகாரி வர்றாராம், என் பாடத்தை நம்பி இருந்தாளாம், எதுவும் திறக்கல, நான் உங்களுக்கு என்ன பண்ணேன் டீச்சர்னு அழுதா. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனாலும் கேட்டுட்டேன், நீயும் அன்னைக்குச் சிரிச்ச பொம்மை போட்டியே ஏம்மான்னு.  சின்னக் குரல்ல, எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, கூட்டத்தோட சேர்ந்து தப்பான பதிலைச் சொல்றதுன்னு நாங்க ஒரு அத்தியாயமே நடத்தறோம். பாடத்தைத் திறந்துட்டேன், எதையும் பதிலுக்குக் கேட்கல, எந்த இடத்துல பிள்ளைங்க வெட்கப்படும், எப்படிச் சமாதானப்படுத்தணும்னு போன்லயே பொறுமையாச் சொல்லிக் கொடுத்தேன். போனை வச்சதும் அவளாவே குழுவுல எழுதினா, குடைப் பாடம் டீச்சரோடது, நானும் சேர்ந்து சிரிச்சேன், தப்புன்னு. மைக்கு அவளை வெளிய தள்ளினார். ஆனா ஒருத்தி வாயைத் திறந்தா போதும், மத்தவங்களுக்கும் தைரியம் வந்துடும், அதுவும் அதே அத்தியாயத்துலதான் இருக்கு. ஒவ்வொருத்தரா எழுத ஆரம்பிச்சாங்க, ஒவ்வொருத்தரா வெளிய வந்தாங்க. இப்ப அந்தப் பொண்ணு புதுக் குழு ஒண்ணு தொடங்கியிருக்கா, பாடம் எல்லாம் அங்கதான், ஒவ்வொண்ணுலயும் தயாரிச்சவங்க பேர். கேட்டவங்க எல்லாருக்கும் திறந்து விட்டுட்டேன்.

மைக்கு ஒருத்தருக்கு மட்டும் திறக்கல. நேத்துப் போன் பண்ணி, அக்கா உங்களைக் குழுவுல சேர்த்ததே நான்தான், ஞாபகம் இல்லையான்னார். எனக்குத்தான் மறதியாச்சே தம்பின்னு சொல்லி வச்சுட்டேன். அனுமதி கேட்ட அவரோட விண்ணப்பம் இன்னும் என் போன்லயே கிடக்கு. முடியாதுன்னு அழுத்தினா அதோட முடிஞ்சிடும், அதனால அதையும் அழுத்தல. அவர் எதிர்பார்த்துக்கிட்டே இருக்கட்டும். உங்க அப்பா என்னை ஒரு மாதிரி பார்க்கறார், பார்க்கட்டும். நீயும் போன் பண்ணி எனக்குப் புத்தி சொல்லாதே.

உன் ஆபீஸ்ல நீ செய்யற வேலையில உன் பேர் இருக்கான்னு இன்னைக்கே பாரு, இல்லைன்னா போட்டுடு, கூச்சப்படாதே. ராத்திரி கண் முழிக்காதே, குட்டியைக் குளிர்ல வெளிய தூக்கிட்டுப் போகாதே. நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம, யாருக்கும் தலை குனியாம நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இன்னும் கோபம் ஆறாத,
ஆனா உன்மேல உயிரையே வச்சிருக்கிற
அம்மா