மா டின் சொன்னது

1947, மாசி மாதம், வெள்ளிக்கிழமை இரவு. பாளையம்பட்டி.

பர்மாக்காரி மா டின்னும் அவள் புருஷனும் ரங்கூனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. என் வீட்டுக்காரர் ரங்கூன் அரிசி மில்லில் வேலை பார்த்தபோது அவருக்கு அண்டை வீட்டார் இவர்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குப் பர்மா பாஷை தெரியாது. என் வீட்டுக்காரர்தான் நடுவில் இருந்து சொல்லுவார்.

இன்று ஆண்கள் இருவரும் விருதுநகருக்குப் பஸ் ஏறிய பிறகு எதிர்வீட்டுச் செல்லத்தாய் மதினி வந்தாள். யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து நடந்தே கிளம்பிய அவள் புருஷன் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. அவர் போட்டோவை மா டின் கையில் கொடுத்து, "இவுகள எங்கயாச்சும் பாத்தீகளா, தாயி?" என்று கேட்டாள்.

மா டின் யார் எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுகிறவள். இதற்கும் ஆட்டிவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்றே மதினி நம்பிவிடுவாள்.

மா டின் சிரிக்கவில்லை. போட்டோவை வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்ல, இல்லையென்று தலையசைத்தாள். மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் ஏதோ சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். மதினியும் அழுதாள். இத்தனை வருஷத்தில் மதினி அழுது நான் பார்த்ததே இல்லை. "வந்துருவாக, வந்துருவாக" என்று சொல்லியே தெருவில் நாங்கள் யாரும் அவளை அழவிட்டதில்லை.

போகும்போது மதினி சொன்னாள்: "நாளைக்கும் வாரேன். அவுக என்ன சொன்னாகன்னு ஒன் வீட்டுக்காரர விட்டுக் கேக்க வேணாம். எனக்கு வெளங்கிருச்சு."

என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.